காசு போடுவதற்கு முன்னால்: ஈமெயில், போன் மோசடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது, ஈமெயில் திறந்து கொடுப்பது என்று நாள் போகும். டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கமிருந்து வருகிறவர்கள் போனை நீட்டி "தம்பி, இது என்னன்னு பாருங்க" என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா வந்தார். பேஸ்புக்கில் பழகிய லண்டன்காரர் ஒருவர் பார்சல் அனுப்பியிருக்கிறார், அது கட்டுநாயக்க சுங்கத்தில் நிற்கிறது, 45,000 ரூபா கட்டினால் விடுவிப்பார்கள் என்று ஒரு ஈமெயில். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், நான்தான் கணக்கு இலக்கத்தைத் தட்டிக் காசையும் அனுப்பினேன். அந்தக் கணக்கு யாரோ ஒரு தனியாள் பெயரில் இருந்ததைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தேன். பத்து நாளில் இன்னொரு ஈமெயில் வந்தது, பார்சலுக்குள் வெளிநாட்டுக் காசு இருக்கிறது, அதற்குத் தண்டம் கட்ட வேண்டும் என்று. அக்கா தோட்டை அடகு வைத்துக் கட்டினார். பார்சல் என்று ஒன்று இருக்கவே இல்லை.

அன்றிலிருந்து யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் யாருக்கும் காசு போட்டுக் கொடுப்பதில்லை. கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈமெயில் உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கிற முகவரியைப் பாருங்கள். பெயர் இருக்கிற இடத்தில் யாரும் எதையும் போடலாம், "இலங்கை சுங்கம்" என்றுகூட. அந்தப் பெயரைத் தொட்டால் முழு முகவரியும் தெரியும். அது சாதாரண ஜிமெயில் கணக்காகவோ வாயில் நுழையாத எழுத்துக் கூட்டமாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். கதை எதுவாக இருந்தாலும் கடைசியில் காசு, ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கம்), பாஸ்வேர்ட், அடையாள அட்டைப் படம், இந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்கும். கூடவே அவசரம் இருக்கும்: இன்றே, 24 மணித்தியாலத்துக்குள், இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றும் இருந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது. உண்மையான எந்த அலுவலகமும் உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கச் சொல்லாது.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று முன்பெல்லாம் சொல்வோம். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து நல்ல தமிழிலேயே எழுதி அனுப்புகிறார்கள், சிங்களத்திலும் அப்படித்தான், அதனால் பிழை இல்லை என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள்.

இங்கிலீஷில், முத்திரையோடு, கையெழுத்தோடு வந்திருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து, நமக்கு வரும் முக்கியமான காகிதம் எல்லாம் நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான் வந்தது. துரை ஆபீஸ் கடிதம் இங்கிலீஷ், கச்சேரிக் கடிதம் சிங்களம். யாரோ ஒருவர் வாசித்துச் சொல்வார், காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்போம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கிலீஷில் சீல் அடித்து வந்தால் அது கவர்ன்மென்ட் காகிதம்தான் என்று நினைக்கிறோம், கேள்வி கேட்கப் பயப்படுகிறோம். மோசடிக்காரர்களுக்கு இது போதும்.

முத்திரையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட ஐந்து நிமிடம் போதும், என் கடைக் கணினியிலேயே செய்யலாம். ஆகவே காகிதத்தின் அழகைப் பார்க்காதீர்கள். அந்த அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை வேறு இடத்தில் தேடி எடுத்து, நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஈமெயிலிலேயே இருக்கிற இலக்கத்துக்கு எடுத்தால் அதே திருடன்தான் பேசுவான். தமிழும் 1987 முதல் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தபால் திணைக்களத்திலிருந்து பார்சல் வந்திருக்கிறது, விலாசம் பிழை, சின்னத் தொகை ஒன்று கட்டுங்கள் என்று லிங்க் வருகிறது. அமத்தலாமா?

வேண்டாம். தொகை சின்னதாக இருப்பது காரணத்தோடுதான். அவர்களுக்கு அந்தக் கொஞ்சக் காசு தேவையில்லை, அதைக் கட்டுவதற்காக நீங்கள் தட்டும் வங்கி அட்டை இலக்கமும் பின்னால் இருக்கிற மூன்று இலக்கமும் அதன் பிறகு வரும் ஓடிபியும்தான் தேவை.

லிங்கைப் பார்க்கும் விதம் ஒன்று சொல்கிறேன். லயத்து விலாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: பெயர், லய இலக்கம், தோட்டத்தின் பெயர், கடைசியில் டவுன். கடைசி வரியை மாற்றிவிட்டால் மேலே எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். இணைய முகவரியும் அப்படித்தான், அதன் ஊர் கடைசியில் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் பாருங்கள், அதற்குச் சற்று முன்னால் இருக்கிற துண்டுதான் உண்மையான சொந்தக்காரர். இலங்கை அரச இணையத்தளங்கள் பெரும்பாலும் "ஜிஓவி டாட் எல்கே" என்று முடியும். "ஜிஓவி டாட் எல்கே" என்பது நடுவில் வந்து, கடைசியில் "டாட் டொப்", "டாட் எக்ஸ்வைஇசட்" என்று முடிந்தால் அது வேறு ஊர். பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டு, நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் பார்க்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை.

தெரிந்தவரே வட்ஸ்அப்பில் "உங்கள் போனுக்கு ஒரு கோட் தவறுதலாக வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று கேட்கிறார். தரலாமா?

அந்த 6 இலக்கம் உங்கள் வட்ஸ்அப்பின் சாவி. கொடுத்த நிமிடம் உங்கள் கணக்கு அவர்கள் போனுக்குப் போய்விடும், பிறகு உங்கள் பெயரில் உங்கள் மாமா, சித்தி, கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி எல்லோரிடமும் "அவசரம், 20,000 போடுங்க" என்று செய்தி போகும். உங்களிடம் கேட்ட அந்தத் தெரிந்தவரும் அப்படி ஏமாந்தவராகத்தான் இருப்பார், அவருக்கு உடனே சாதாரணமாகப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

கோட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பதறாமல் உங்கள் இலக்கத்தை வட்ஸ்அப்பில் மறுபடி பதியுங்கள், புதுக் கோட் உங்களுக்குத்தான் வரும், அதைப் போட்டதும் அவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். இரண்டாம் பூட்டாக அவர்கள் ஒரு இரகசிய இலக்கம் (PIN) போட்டு வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரலாம். நீங்களே அந்தப் பூட்டை இன்றைக்கே போட்டுவிடுங்கள், செட்டிங்ஸில் கணக்கு என்ற பகுதிக்குள் இருக்கிறது. ஈமெயிலுக்கும் இதே மாதிரி இரண்டடுக்குப் பாதுகாப்பு உண்டு. ஈமெயில்தான் முக்கியம், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மாற்றலாம்.

வங்கி ஓடிபியும் அப்படித்தான். வங்கி ஒருபோதும் அதைக் கேட்காது. நான் கேட்டாலும் தராதீர்கள்.

கனடாவில் ஹோட்டல் வேலை, கட்டாரில் சாரதி வேலை என்று ஈமெயில் வந்திருக்கிறது, விண்ணப்பிக்கவே இல்லை, ஆனால் தெரிவாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

இங்கே அதிகக் குடும்பங்கள் அடிபடுவது இதில்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விண்ணப்பிக்காத வேலை கிடைக்காது. வீடியோவில் ஒரு நேர்முகம்கூட இல்லாமல், சம்பளமும் தங்குமிடமும் டிக்கெட்டும் தருகிறேன் என்று சொல்கிறவர்கள், அடுத்த ஈமெயிலில் "விசா கட்டணம்", அதற்கு அடுத்ததில் "மெடிக்கல்", பிறகு "காப்புறுதி" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார்கள். முதல் தடவை கட்டிய 30,000 வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது தடவை கட்டுகிறார்கள். கனடாவைப் பற்றிக் குறிப்பாக ஒன்று: வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்க அங்குள்ள முதலாளி எல்எம்ஐஏ என்ற அனுமதி எடுக்க வேண்டும், அதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே "எல்எம்ஐஏ காசு அனுப்புங்கள்" என்று கேட்டாலே அது பிழை.

கொரியாவுக்கு ஈ-9 விசாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற வழி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும்தான். இடையில் எந்த ஏஜென்சிக்கும் இடமில்லை, எவ்வளவு பெரிய ஆளைத் தெரியும் என்று சொன்னாலும் சரி. மற்ற நாடுகளுக்கு ஏஜென்சி மூலம் போகலாம், ஆனால் அந்த ஏஜென்சிக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து, ஏஜென்சியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் சொல்லி, இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபீஸ் இருக்கிறது, போர்ட் இருக்கிறது, ஒரு மிஸ் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அனுமதிக்குச் சமமாகாது.

"விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் போகாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியன்மாரில் மியாவடிப் பக்கம் இருக்கிற மோசடி முகாம்களில் இலங்கைப் பிள்ளைகளை அடைத்து வைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை, நாள் முழுக்க உட்கார்ந்து மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றுவது. மறுத்தவர்களுக்கு அடி. 2024இல் பலரை மீட்டு வந்தார்கள். உங்களுக்கு இனிமையாக மெசேஜ் அனுப்புகிற ஆளே அப்படி அடைபட்ட ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு தருகிறார்கள், முதல் நாள் உண்மையாகவே 1,500 ரூபா வந்தது. அப்படியென்றால் உண்மைதானே?

அந்த 1,500 தூண்டிலில் கோத்த புழு. இரண்டு மூன்று நாள் தருவார்கள், பிறகு "பெரிய டாஸ்க்" என்று சொல்லி முதலில் 10,000 கட்டச் சொல்வார்கள், திரையில் உங்கள் கணக்கில் லட்சக்கணக்கில் இருப்பதாகக் காட்டும், எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். திரையில் தெரிகிற காசு காசே இல்லை.

ஏஎல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தா, வருகிற காசை எடுத்து அனுப்பு, நூற்றுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது கேட்டால் அது வேறு யாரோ ஏமாந்த காசு. பொலிஸ் கணக்கின் பெயரைத்தான் தேடி வரும், அந்தப் பெயர் உங்களுடையது. அந்த அக்கா காசு போட்ட கணக்கும் இப்படி யாரோ ஒரு பிள்ளையுடையதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற திட்டங்கள் பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி அதை நடத்துவது மட்டுமில்லாமல் விளம்பரப்படுத்துவதும் குற்றம். தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு, அஸ்வெசும (அரச நலன்புரி உதவிக் காசு), புது வீடு, புயல் நிவாரணம் என்று மெசேஜ் வருகிறது. இவை?

2025 நவம்பர் டித்வா புயலில் நம் மலைகள் சரிந்து எத்தனையோ பேர் வீடு இழந்தார்கள். அப்படி இருக்கிறவருக்கு "நிவாரணத்துக்குப் பதிய இந்த லிங்க்" என்று வந்தால் அமத்தத்தான் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிவாரணமோ வீடோ கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகத்தான் வரும், அங்கே நேரில் போய்க் கேளுங்கள். ஈபிஎஃப் காசுக்குத் தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கொடுப்பது மத்திய வங்கி. "காசு தயாராக இருக்கிறது, விடுவிக்க 5,000 கட்டுங்கள்" என்று எந்தத் திணைக்களமும் வட்ஸ்அப்பில் கேட்காது. அஸ்வெசும உங்கள் வங்கிக் கணக்கில்தான் விழும், அதற்கு ஓடிபி தேவையில்லை.

எல்லவில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். என்னை யார் ஏமாற்றப் போகிறார்கள்?

உங்களைத்தான் தேடுகிறார்கள். முன்பதிவு இணையத்தளத்தின் பெயரில் "விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், பாருங்கள்" என்று ஈமெயில் வரும். லிங்கைத் திறந்தால் நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி, கீபோர்டில் வின்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்தி ஏதோ ஒன்றை ஒட்டச் சொல்லும். ஒட்டினால் உங்கள் கணினிக்குள் திருட்டு நிரலை நீங்களே ஏற்றிக்கொள்கிறீர்கள். 2025 மார்ச்சில் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்தது, குறி வைக்கப்பட்ட பகுதிகளில் தெற்காசியாவும் ஒன்று. முறைப்பாடு இருக்கிறதா என்று பார்க்க லிங்க் வேண்டாம், வழக்கம் போல நீங்களே அந்தத் தளத்துக்குப் போய் உள்நுழைந்து பாருங்கள்.

நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கமாகக் காசு போடுகிற ஆளிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஈமெயில் வந்தால், பழைய இலக்கத்துக்குப் போன் எடுத்து அவர் குரலில் கேட்ட பிறகுதான் போட வேண்டும்.

மகன் கட்டாரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உடனே காசு வேண்டும் என்று யாரோ போன் எடுத்தால்?

வைத்துவிட்டு மகனுக்கு எடுங்கள். கிடைக்காவிட்டால் அவரோடு அறையில் இருக்கிற பையனுக்கு எடுங்கள், அதற்காக அந்த இலக்கத்தை இப்போதே வாங்கி வையுங்கள். குரல் மகனுடையது மாதிரியே இருக்கலாம், குரலைப் போலச் செய்ய இப்போது வழி வந்துவிட்டது.

"உன் கேமராவுக்குள் புகுந்துவிட்டேன், வீடியோ இருக்கிறது, பிட்கொயின் அனுப்பு" என்று ஈமெயில். என் பழைய பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது.

ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி போகிற கடிதம் அது. பாஸ்வேர்ட் எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்தது. பதில் போடாதீர்கள், அந்தப் பாஸ்வேர்டை வேறு எங்கே பாவித்தீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

ஆனால் வீடியோ கோலில் பேசி உண்மையாகவே படம் எடுத்து மிரட்டுகிறார்கள் என்றால் அது வேறு. பிள்ளைகளே, காசு கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், இன்னும் கேட்பார்கள். மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 உதவி இலக்கங்கள். பெற்றோருக்குச் சொல்வது: பிள்ளை இதோடு வந்து நின்றால் அன்றைக்கு அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். சொல்லப் பயந்த பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்துவிடுகிறார்கள்.

காசு போய்விட்டது. இனி என்ன செய்வது?

முதல் வேலை வங்கி. பொலிஸுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால், வங்கி அட்டையின் பின்னால் இருக்கிற இலக்கத்துக்கு எடுத்து, அட்டையையும் ஒன்லைன் வங்கியையும் நிறுத்தச் சொல்லுங்கள், எந்தக் கணக்குக்குப் போனது என்று சொல்லுங்கள். இப்போது வங்கிக்கு வங்கி காசு உடனுக்குடன் போகிறது, மறுமுனையில் எடுத்துவிட்டால் திரும்ப வருவது கஷ்டம், அதனால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி. ஈசி கேஷ், எம்கேஷ் மாதிரி போன் வழியாக அனுப்பிய காசு என்றால் அந்தப் போன் கம்பெனிக்கு எடுங்கள்.

பிறகு ஈமெயிலையோ மெசேஜையோ அழிக்காமல் ஸ்கிரீன்சொட் எடுத்து, சிலிப்போடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு போடுங்கள். சிங்களத்தில் எழுதினால் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியென்று தெரிந்த பிறகு கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, இது சும்மா தனிப்பட்ட சண்டை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. இணையப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை கேட்க இலங்கை சேர்ட் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் 101, வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935.

லயத்தில் நாலு பேருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று பலர் முறைப்பாடே போடுவதில்லை. அந்த அக்காவும் போடவில்லை. அதே கணக்குக்கு இன்னும் எத்தனை பேர் காசு போட்டார்களோ.

பேஸ்புக்கில் ஒருவர், போன காசை மீட்டுத் தருகிறேன், கொஞ்சம் முற்பணம் மட்டும் என்கிறார்.

ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும், இதே கூட்டம்தான் வேறு பெயரில் வருகிறது. ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடையில் கொடுத்துத்தான் ஈமெயில் திறந்தேன். பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத்தான் தெரியும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நானே வருடக்கணக்காக ஒரு சீஆர் கொப்பியில் வாடிக்கையாளர் பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி மேசை லாச்சியில் வைத்திருந்தேன், மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு உதவியாக இருக்குமே என்று. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட், பெயரோடு 123. அந்தக் கொப்பி ஒரு கெட்டவன் கையில் கிடைத்திருந்தால் எத்தனை வீடு அழிந்திருக்கும்.

இப்போது கீபோர்டை வந்தவர் பக்கம் திருப்பி வைக்கிறேன், பாஸ்வேர்டை அவரே தட்ட வேண்டும், தெரியாவிட்டால் எழுத்தெழுத்தாகக் காட்டிக் கொடுக்கிறேன், எவ்வளவு நேரம் போனாலும் சரி. உங்கள் கடைக்காரரிடமும் அப்படிக் கேளுங்கள், மீட்பு இலக்கமாகக் கடைப் போனைப் போட்டிருந்தால் உங்கள் போன் இலக்கத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கொப்பியில் இருந்த பக்கங்களை வந்தவர்களிடம் கிழித்துக் கொடுத்துவருகிறேன். இன்னும் சில பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. என்னிடம் ஈமெயில் திறந்தவர்கள் டவுனுக்கு வரும்போது போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிட்டு உங்கள் பக்கத்தை வாங்கிக்கொண்டு போகலாம்.